தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புரோக்கர் மூலமா வீடு விக்கப் போறீங்களா? கைக்கு எவ்வளவு வரும்னு மொதல்ல கணக்கு போடுங்க

வீடு விக்கலாம்னு முடிவு பண்ணதும் எல்லாரும் கேக்குற மொத கேள்வி "எவ்வளவுக்கு போகும்?"ங்கறது. அடுத்தது "புரோக்கருக்கு எவ்வளவு குடுக்கணும்?". இந்த ரெண்டோட நிறுத்திடுறாங்க. ஆனா விக்கிற விலைக்கும் கடைசியா உங்க பேங்க் அக்கவுன்ட்ல தங்குற காசுக்கும் நடுவுல கமிஷன் மட்டும் இல்லைங்க, வரி இருக்கு, லோன் பாக்கி இருக்கு, பேப்பர் சரி பண்ற செலவு இருக்கு, வீட்டு வரி பாக்கி இருக்கு, இதுல கமிஷன் பெரும்பாலும் ரெண்டாவது மூணாவது இடத்துல தான் வரும். பத்திரம் எழுதுற ஆபீஸ்ல உக்காந்து விக்கிறவங்க வாங்குறவங்க ரெண்டு பேரையும் நாளெல்லாம் பாக்குற ஆளுங்கறதால சொல்றேன், கிரயம் அன்னைக்கு முகம் தொங்கிப் போய் நிக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் இந்தக் கணக்க முன்னாடியே போடாதவங்க தான்.

இது மொத தடவை விக்கிறவங்களுக்காக எழுதுறது. சொந்தமா கட்டின தனி வீடு, அப்பா தாத்தா வழியில வந்த வீடு, ஓசூர் பக்கம் ஃபிளாட், எல்லாத்துக்கும் பொருந்தும். எங்க மாறுதோ அங்க சொல்லிடுறேன்.

புரோக்கர கூப்பிடுறதுக்கு முன்னாடி

மொதல்ல பேப்பர எடுத்து டேபிள்ல வைங்க. மூலப்பத்திரம், உங்க பேர்ல இருக்கிற கிரயப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, ஈபி கார்டு, வீடு கட்ட வாங்கின பிளான் அப்ரூவல். வில்லங்கம் பாக்க யாருக்கும் காசு குடுக்க வேண்டாம், பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் சைட்ல ஈசி (வில்லங்கச் சான்று) ஃப்ரீயா பாக்கலாம், கைடுலைன் வேல்யூவும் (பதிவுக்கு அரசு வச்சிருக்கிற வழிகாட்டி மதிப்பு) அதுலயே வரும். பட்டாவும் அரசோட இ-சேவை சைட்ல ஃப்ரீ. புரோக்கரே "ஈசி போடணும், பட்டா எடுக்கணும், ஒரு ரெண்டாயிரம் குடுங்க"ன்னு கேட்டா நானே பாத்துக்குறேன்னு சொல்லிடுங்க.

இதை ஏன் மொதல்ல சொல்றேன்னா பேப்பர்ல இருக்கிற ஓட்டை தான் விலைய குறைக்கிறதுக்கு சுலபமான ஆயுதம். பட்டா இன்னும் உங்களுக்கு வித்தவர் பேர்லயே இருக்கு, அப்பா இறந்தும் வாரிசு சான்று வாங்கல, பத்திரத்துல சர்வே நம்பர் உட்பிரிவு தப்பா இருக்கு, இதெல்லாம் நாம சரி பண்ண சில ஆயிரமும் சில வாரமும் ஆகும். அதையே வாங்குறவர் லாயர் கண்டுபுடிச்சா "இதுல சிக்கல் இருக்கு, ஒரு லட்சம் குறைச்சுக்கோங்க"ன்னு வந்து நிப்பாங்க, புரோக்கரும் டீல் முடியணுமேன்னு அவங்க பக்கம் சாஞ்சு பேசுவாரு. வாரிசு வீடுன்னா இன்னும் முக்கியம். அக்கா தங்கச்சி எல்லாரும் கையெழுத்து போடணும், ஒருத்தர் பெங்களூர்ல ஒருத்தர் திருப்பூர்ல இருந்தா அவங்க வர்ற நாள இப்பவே பேசி வைங்க, அட்வான்ஸ் வாங்கினப்புறம் "எனக்கு பங்கு பத்தல"ன்னு ஒருத்தர் சொன்னா அந்த டீல் அதோட போச்சு.

மனை அப்ரூவ்டா இல்லையாங்கறதையும் பாருங்க. நம்ம பக்கம் ரோட்டோரமா ராகி வெளைஞ்ச காட்ட பிளாட் போட்டு வித்தது நிறைய. அரசு அனுமதி வாங்காத அன்அப்ரூவ்டு லேஅவுட்ல 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பதிவான மனைய வரன்முறை பண்ண அரசு வழி குடுத்துச்சு. வரன்முறை ஆர்டர் இருந்தா எடுத்து வைங்க, இல்லன்னா வாங்குறவருக்கு பேங்க் லோன் கிடைக்கிறது கஷ்டம், லோன் இல்லாம கையில காசு வச்சிருக்கிற ஆளத் தான் தேடணும், அந்த மாதிரி ஆள் விலைய அடிச்சு தான் கேப்பாரு. இது எந்தச் செலவுப் பட்டியல்லயும் வராத செலவு, ஆனா பெருசு.

வீட்டுக்கு செய்யுற செலவு பத்தி ஒரு வார்த்தை. வெள்ளை அடிங்க, ஒழுகுற குழாய மாத்துங்க, செப்டிக் டேங்க் நிறைஞ்சிருந்தா எடுத்துடுங்க. டைல்ஸ் மாத்துறது, மாடுலர் கிச்சன் போடுறதெல்லாம் வேண்டாம், போட்ட காசு திரும்ப வராது. தர்மபுரில வீடு பாக்க வர்றவங்க சமையல்கட்ட விட தண்ணிய தான் மொதல்ல கேப்பாங்க, போர்ல எத்தனை அடில தண்ணி, உப்பா, ஃப்ளோரைடு இருக்கா, ஒகேனக்கல் தண்ணி கனெக்‌ஷன் இருக்கா. அந்த குடிநீர் கனெக்‌ஷன் ரசீது இருந்தா அத பேப்பரோட சேத்து வைங்க, பதில் தேட வேண்டியதில்ல.

கமிஷன் எவ்வளவு, எப்போ, யாருக்கு

நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் வழக்கம் 1ல இருந்து 2 சதவீதம், விக்கிறவர் கிட்டயும் வாங்குறவர் கிட்டயும் தனித்தனியா. இது சட்டத்துல எழுதின ரேட் இல்ல, பழக்கம். அதனால பேசலாம், பேசணும். 45 லட்சத்துக்கு போற வீடுன்னா 1 சதவீதம் 45,000, 2 சதவீதம் 90,000. ஓசூர்ல ஆபீஸ் வச்சு நடத்துற கம்பெனி மாதிரி ஏஜென்ட்டுங்க ஜிஎஸ்டி ரிஜிஸ்டர் பண்ணியிருப்பாங்க, அவங்க கமிஷன் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி போடுவாங்க. 60 லட்ச ரூபா ஃபிளாட்டுக்கு 2 சதவீதம்னா 1,20,000, அதுக்கு மேல ஜிஎஸ்டி 21,600, ஆக 1,41,600. "2 பர்சென்ட் தானே"ன்னு நெனச்சுட்டு இருந்தவங்களுக்கு கடைசில பில் வரும்போது தான் தெரியும். அதனால கேக்கும்போதே "ஜிஎஸ்டி சேத்தா, தனியா?"ன்னு கேளுங்க. ஜிஎஸ்டி நம்பர் இல்லாத ஆள் ஜிஎஸ்டி வாங்கவே கூடாது.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் பத்தியும் கேப்பீங்க. 2016ல வந்த ரெரா சட்டப்படி, ரெரால பதிவான புது புராஜெக்ட்ல ஃபிளாட்டோ மனையோ விக்கிற ஏஜென்ட் பதிவு பண்ணியிருக்கணும். நாம நம்ம பழைய வீட்ட விக்கிறதுக்கு வர்ற உள்ளூர் புரோக்கர் கிட்ட அது இல்லாம இருக்கிறது சகஜம். இருந்தா நல்லது, ஏதாவது ஆச்சுன்னா பேர் விலாசம் பதிவுல இருக்கும்.

இப்போ முக்கியமான இடம். நம்ம ஊர்ல ஒரே புரோக்கர் கிட்ட மட்டும் விடுற பழக்கம் இல்ல. டீக்கடையில ஒருத்தர் கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஆறு பேருக்கு தெரிஞ்சிரும், வாட்ஸ்அப் குரூப்ல உங்க வீட்டு போட்டோ சுத்தும், பாலக்கோட்டுல இருந்து ஒருத்தர் ஃபோன் பண்ணுவாரு காவேரிப்பட்டணத்துல இருந்து ஒருத்தர் பண்ணுவாரு. வாங்குற பார்ட்டிய கொண்டு வந்தவர் ஒருத்தர், அவருக்கு சொன்னவர் ஒருத்தர், உங்க வீட்ட காட்டினவர் ஒருத்தர். கிரயம் அன்னைக்கு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் கேட்டுக்கு வெளிய நாலு பேர் நிப்பாங்க, கைரேகை வச்சுட்டு வெளிய வந்ததும் நாலு பேரும் உங்களையே பாப்பாங்க. நீங்க குடுக்குறது ஒரே கமிஷன், அதை எத்தனை பேர் பிரிச்சுக்கிட்டாலும் அது அவங்க பாடுன்னு மொத நாளே சொல்லிடணும்.

ஒரு நோட்டு போடுங்க, பள்ளிக்கூடப் புள்ளைங்க நோட்டு போதும். யார் எந்தத் தேதில யாரைக் கூட்டிட்டு வந்தாங்க, வந்தவர் பேர், ஊர், சொன்ன விலை. ஒரு வரி போதும். ஒரே பார்ட்டிய ரெண்டு புரோக்கர் "நான் தான் கொண்டு வந்தேன்"னு சொல்றது அடிக்கடி நடக்கும், அப்போ அந்த நோட்டு தான் பேசும். புரோக்கர் முன்னாடியே எழுதுங்க, அவருக்கும் மரியாதையா இருக்கும், அவர் கொண்டு வந்த ஆள் அவர் பேர்ல பதிவாகுதுன்னு தெரிஞ்சா நம்பிக்கையா வேலை செய்வாரு.

அதே மாதிரி நேர்மைய நாமளும் காட்டணும். ஒருத்தர் ஆள் கூட்டிட்டு வந்து காட்டி, ஃபோன் நம்பர் வாங்கிட்டு, அப்புறம் வாங்குறவரும் விக்கிறவரும் சேந்து அவர கழட்டி விடுறத நான் நிறைய பாத்திருக்கேன், ரொம்ப வேதனையா இருக்கும். வெயில்ல வண்டி ஓட்டி பத்து பேருக்கு காட்டி ஒண்ணு முடிஞ்சா தான் அந்த மனுஷனுக்கு காசு. அவர் மூலமா வந்த ஆளுக்கு வித்தா அவருக்கு குடுத்துடுங்க.

பேசி முடிச்சத பேப்பர்ல எழுதுங்க. பெரிய லாயர் டாக்குமென்ட் தேவையில்ல, ஒரு வெள்ளைத்தாள்ல இவ்வளவு இருந்தா போதும்: கமிஷன் எத்தனை சதவீதம், எந்தத் தொகை மேல, எப்போ குடுக்கணும், டீல் நின்னா என்ன, எத்தனை மாசம் இந்தப் பேச்சு செல்லும். ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. "நமக்குள்ள என்னங்கண்ணா பேப்பர்"னு சிரிப்பாங்க, நீங்களும் சிரிச்சுக்கிட்டே "எதுக்கும் இருக்கட்டும்ணா, எனக்கு மறதி ஜாஸ்தி"ன்னு சொல்லி வாங்கிடுங்க.

எப்போ குடுக்குறதுன்னா, கிரயம் முடிஞ்சு காசு உங்க அக்கவுன்ட்ல ஏறினப்புறம் தான். சில பேர் அக்ரிமென்ட் அன்னைக்கு பாதி கேப்பாங்க, அது வழக்கத்துல இருக்கு, குடுக்கிறதா இருந்தா கால்வாசிக்கு மேல வேண்டாம், ஏன்னா அக்ரிமென்ட் போட்டு கிரயம் வராம போன டீல் நிறைய. "விளம்பரம் பண்ணணும், பெட்ரோல் செலவு இருக்கு"ன்னு ஆரம்பத்துலயே காசு கேட்டா குடுக்காதீங்க, அது அவர் கமிஷனுக்குள்ள அடக்கம். வாங்குறவர் அட்வான்ஸ் குடுத்துட்டு பின்வாங்கி அந்த அட்வான்ஸ் உங்க கிட்டயே நின்னா அதுல புரோக்கர் பாதி கேப்பாரு, அதுக்கும் அந்தப் பேப்பர்லயே ஒரு வரி எழுதிடுங்க.

"உங்களுக்கு கைக்கு எவ்வளவு வேணும்?"

இந்தக் கேள்விய கேட்டா உடனே பதில் சொல்லாதீங்க. கேக்க ரொம்ப சுலபமா இருக்கும். "கமிஷனே வேண்டாம்ணா, உங்களுக்கு நெட்டா எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, மேல வர்றத நான் பாத்துக்குறேன்." கமிஷன் மிச்சம்னு தான் எல்லாருக்கும் தோணும். வீடு விக்கிறதுலயே அதிகமா காசு போற இடம் இது தான்.

நல்லம்பள்ளி பக்கத்துல இருந்து ஒரு ரிட்டயர்டு டிரைவர் வந்தாரு. கைக்கு 32 லட்சம் வேணும்னு சொல்லியிருக்காரு, புரோக்கர் சரின்னுட்டாரு. வாங்குறவர் பேங்க் லோன் போடுறவர், அதனால பத்திரத்துல உண்மையான விலை வந்தே ஆகணும். வரைவு பத்திரத்த நாங்க படிச்சுக் காட்டும்போது "ரூபாய் முப்பத்தாறு லட்சத்து ஐம்பதாயிரம்"னு வந்துச்சு, அந்தப் பெரியவர் கண்ணாடிய கழட்டி துடைச்சுட்டு "திரும்பப் படிப்பா"ன்னாரு. அதாவது காசு முழுசா 36.5 லட்சம் அவர் அக்கவுன்ட்டுக்கு வரும், அதுல இருந்து 4.5 லட்சத்த அவர் எடுத்து புரோக்கருக்கு குடுக்கணும். அது 12 சதவீதத்துக்கும் மேல. அதோட முடியல. வருமான வரிக்காரங்க கணக்குப்படி அவர் வித்தது 36.5க்கு, அந்த 4.5 லட்சத்துக்கு புரோக்கர் ரசீது குடுக்கலன்னா அதுவும் இவர் லாபமா தான் கணக்காகும், லாபத்துக்கு வரி 12.5 சதவீதம்னா அதுக்கு மட்டும் 56,250 வரி, செஸ் (வரி மேல போடுற கூடுதல் வரி) தனி. கைக்கு வராத காசுக்கு வரி.

அதனால நெட் ரேட்டுக்கு ஒத்துக்காதீங்க. புரோக்கருக்கு ஊக்கம் குடுக்கணும்னா வேற வழி இருக்கு. "40 லட்சம் வரைக்கும் 1 சதவீதம், அதுக்கு மேல நீங்க கொண்டு வர்ற ஒவ்வொரு லட்சத்துலயும் பத்தாயிரம் உங்களுக்கு"ன்னு பேசுங்க. விலை ஏறினா ரெண்டு பேருக்கும் நல்லது, வாங்குறவர் சொல்ற விலை உங்க காதுக்கும் நேரா வரும். விலை பேசும்போது நீங்க அங்க உக்காந்திருக்கணும், இது தான் விதி. "பார்ட்டி உங்கள பாக்க வேண்டாம்னு சொல்றாங்க, நான் பேசிக்கிறேன்"னு சொன்னா அங்க ஏதோ இருக்கு.

இதோட இன்னொரு வடிவம், புரோக்கரே ஒரு லட்சம் ரெண்டு லட்சம் அட்வான்ஸ் குடுத்து தன் பேர்ல அக்ரிமென்ட் போட்டுக்கிறது, இல்ல பவர் (உங்களுக்குப் பதிலா அவரே விக்கிற அதிகாரப் பத்திரம்) எழுதிக் கேக்குறது. அக்ரிமென்ட் போட்டுட்டா ஆறு மாசம் வீடு லாக், அவர் ஆள் தேடிக்கிட்டு இருப்பாரு, உங்களால வேற யாருக்கும் விக்க முடியாது. பவர் இன்னும் மோசம். குடும்பத்துக்கு வெளிய இருக்கிறவருக்கு விக்கிற அதிகாரத்தோட பொது அதிகாரம் எழுதினா 2023 ஜூலைல இருந்து பதிவுக் கட்டணமே சொத்து மதிப்புல 1 சதவீதம், அந்தக் கட்டணத்த கட்டி உங்க வீட்டு மேல அதிகாரத்தையும் குடுத்துட்டு வர்றதுல என்ன இருக்கு சொல்லுங்க. வெளிநாட்டுல இருக்கீங்கன்னா கூடப் பொறந்தவங்களுக்கோ பெத்தவங்களுக்கோ குடுங்க.

வாங்குறவர் செலவும் உங்க விலையில தான் வந்து விழும்

பத்திரச் செலவு வாங்குறவரோடது, அது நம்ம ஊர் வழக்கம். தமிழ்நாட்டுல முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. 2023 மார்ச் வரைக்கும் பதிவுக் கட்டணம் 4 சதவீதமா இருந்துச்சு, கைடுலைன் வேல்யூவ ஏத்தும்போது அதை 2ஆ குறைச்சாங்க. 45 லட்ச ரூபா வீட்டுக்கு வாங்குறவர் கட்டுறது 4,05,000, அதோட அவர் பக்க கமிஷன், லோன் பிராசஸிங், லாயர் ஒப்பீனியன், பத்திரம் எழுதுற கூலி. அவர் மனசுல உங்க வீட்டு விலை 45 இல்ல, 50ஐ தாண்டினது. "இன்னும் ஒரு லட்சம் குறைங்க"ன்னு அவர் கெஞ்சும்போது இது ஞாபகம் இருந்தா கோவம் வராது, எங்க நிக்கணும்னும் தெரியும்.

இந்தச் செலவ குறைக்கத் தான் "கைடுலைன் வேல்யூவுக்கு பத்திரம் போட்டுக்கலாம், மீதிய ரொக்கமா குடுத்துடுறேன்"னு கேப்பாங்க. சில புரோக்கருங்களும் இதைத் தான் சுலபம்னு சொல்லுவாங்க. ஒத்துக்காதீங்க. வீட்டு கிரயத்துக்கு 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கவே கூடாது, அட்வான்ஸும் சேத்து தான், வாங்கினது தெரிஞ்சா வாங்கின அளவுக்கே அபராதம் போட சட்டம் இருக்கு, அதுவும் வாங்கின உங்களுக்கு, குடுத்தவருக்கு இல்ல. அந்த ரொக்கத்த வச்சு நாளைக்கு நீங்க வேற வீடு வாங்கப் போனா பேங்க்ல போட முடியாது, வரி விலக்கு கேக்க முடியாது. மிச்சமாகுறது வாங்குறவருக்கு, ரிஸ்க் உங்களுக்கு.

அட்வான்ஸ், அக்ரிமென்ட், லோன் முடிக்கிறது

டோக்கன் அட்வான்ஸ்னு பத்தாயிரம் பதினோராயிரம்னு தட்டுல வெத்தலை பாக்கோட வச்சு குடுப்பாங்க, நல்ல பழக்கம், ஆனா அதுலயும் ஒரு துண்டு ரசீது எழுதிடுங்க. அப்புறம் அக்ரிமென்ட். தமிழ்நாட்டுல 2012ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு பண்ணணும். ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு வச்சுக்கிறது தான் இன்னும் நிறைய நடக்குது, அதுல ரெண்டு பக்கத்துக்கும் பலம் கம்மி. பதிவு பண்ணா செலவு யாருடையதுன்னு பேசிக்கோங்க, பெரும்பாலும் வாங்குறவர். ஒண்ணு ஞாபகம் வைங்க, பதிவு பண்ண அக்ரிமென்ட் ஈசில ஏறிடும், டீல் நின்னா ரெண்டு பேரும் வந்து ரத்து ஆவணம் போட்டா தான் அது தீரும், அதனால எத்தனை மாசம் டைம்ங்கறத கறாரா எழுதுங்க. மூணு மாசம் போதும். நடுவுல ஆடி வந்தா யாரும் கிரயம் பண்ண மாட்டாங்க, மார்கழியும் அப்படித்தான், அதையும் கணக்குல வச்சு தேதி போடுங்க.

வீட்டு மேல லோன் இருந்தா பேங்க்ல ஃபோர்க்ளோஷர் ஸ்டேட்மென்ட் வாங்கி இன்னைக்கு தேதிக்கு எவ்வளவு பாக்கின்னு எழுதி வைங்க. தனிநபர் பேர்ல, தொழிலுக்கு இல்லாம வாங்கின ஃப்ளோட்டிங் ரேட் (வட்டி ஏறி இறங்குற) வீட்டுக்கடனுக்கு முன்கூட்டியே கட்டுறதுக்கு அபராதம் கிடையாது, யாராவது கேட்டா ரிசர்வ் பேங்க் விதிய சொல்லுங்க. வாங்குறவரும் லோன் போடுறாருன்னா அவர் பேங்க் நேரா உங்க பேங்குக்கு பாக்கிய கட்டி பத்திரத்த எடுத்துக்கிற வழி இருக்கு, ஆனா ரெண்டு பேங்குக்கும் நடுவுல இழுக்கும், இழுக்குற ஒவ்வொரு மாசமும் இஎம்ஐ உங்க கையில இருந்து போகும். அந்த இஎம்ஐயும் விக்கிற செலவு தான். வீடு வாடகைக்கு விட்டிருந்தா காலி பண்ணித் தர்றதுக்குள்ள போற வாடகை, திருப்பிக் குடுக்கிற அட்வான்ஸ் இதையும் சேத்துக்கோங்க.

லோன் முடிஞ்சதும் அடமானப் பதிவுக்கு ரசீது பத்திரம் போட்டு ஈசில தீர்வு ஏறணும், சில ஆயிரம் செலவு, விக்கிறவரோடது. முழுசா கட்டினப்புறம் 30 நாளைக்குள்ள பேங்க் ஒரிஜினல் பத்திரத்த திருப்பிக் குடுக்கணும், அவங்க தப்பால லேட் ஆனா நாளுக்கு 5,000 ரூபா உங்களுக்கு தரணும், 2023 டிசம்பர்ல இருந்து இது அமல்ல இருக்கு. ஒரிஜினலே தொலைஞ்சு போச்சுன்னா போலீஸ் புகார், பேப்பர்ல விளம்பரம், சான்றுன்னு அலைச்சலும் காசும் ஆகும், அதை வாங்குறவர் வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க.

கிரயம் அன்னைக்கு வீட்டு வரி, தண்ணி வரி, பாதாளச் சாக்கடை கட்டணம், ஈபி பில் எல்லாம் பாக்கி இல்லாம கட்டின ரசீது கையில இருக்கணும். தர்மபுரி கிருஷ்ணகிரி நகராட்சியோ ஓசூர் மாநகராட்சியோ, இல்ல கிராம பஞ்சாயத்தோ, எல்லா வரியும் ஆன்லைன்லயே கட்டலாம். ஃபிளாட்டுன்னா அசோசியேஷன் மெயின்டனன்ஸ் பாக்கி, அவங்க தர்ற நோ டியூ லெட்டர். பேங்க் டிடியோ ஆர்டிஜிஎஸ்ஸோ கிரெடிட் ஆனத ஃபோன்ல பாத்துட்டு தான் கையெழுத்து, "சாயங்காலம் போட்டுடுறேன்"ங்கற பேச்சே வேண்டாம்.

வரி, கமிஷன விட பெருசு

50 லட்சமும் அதுக்கு மேலயும் விலைன்னா வாங்குறவர் 1 சதவீதம் டிடிஎஸ் (உங்க வரிக்காக முன்கூட்டியே புடிக்கிற காசு) புடிச்சு உங்க பான் நம்பர்ல கட்டணும். 60 லட்சத்துக்கு 60,000. இது போன காசு இல்ல, ரிட்டர்ன் போடும்போது வரியில கழிஞ்சுக்கும். ஆனா பான் ஆதாரோட இணைக்காம செயலிழந்து கிடந்தா 1க்கு பதிலா 20 சதவீதம் புடிப்பாங்க, 12 லட்சம் மாட்டிக்கும், அதனால இன்னைக்கே பாருங்க. விக்கிறவர் வெளிநாட்டுல வசிக்கிறவர்னா கணக்கே வேற, விலை எவ்வளவா இருந்தாலும் டிடிஎஸ் ரொம்ப அதிகமா புடிப்பாங்க, அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடியே ஆடிட்டர பாருங்க.

மூலதன லாப வரி, அதாவது வித்ததுல வந்த லாபத்துக்கு கட்டுற வரி தான் பெருசு. 24 மாசத்துக்கு மேல வச்சிருந்து விக்கிற வீட்டுக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கினதா இருந்தா, இந்தியால வசிக்கிற தனிநபருக்கு பழைய முறையும் உண்டு, வாங்கின விலைய பணவீக்கத்துக்கு ஏத்தி கழிச்சு 20 சதவீதம், ரெண்டுல எது கம்மியோ அது.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். 2012-13ல இடமும் கட்டினதுமா 18 லட்சம் ஆச்சு, 2025-26ல 45 லட்சத்துக்கு வித்தீங்க, கமிஷன் 90,000. புது முறையில லாபம் 26,10,000, வரி 3,26,250, 4 சதவீத செஸ்ஸோட 3,39,300. பழைய முறையில வாங்கின வருஷ பணவீக்க இன்டெக்ஸ் 200, 2025-26க்கு 376, உங்க 18 லட்சம் 33,84,000 ஆகிடும், லாபம் 10,26,000 தான், வரி செஸ்ஸோட 2,13,408. வித்தியாசம் 1,25,892. புரோக்கர் கமிஷன விட இது ஜாஸ்தி பாருங்க. ஆயிரம் ரூபா கமிஷன குறைக்க ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுறவங்க ஆடிட்டருக்கு ரெண்டாயிரம் குடுத்து இதைக் கேக்க மாட்டேங்கறாங்க.

அந்தக் கணக்குல கமிஷன கழிச்சிருக்கேன் கவனிச்சீங்களா. விக்கிறதுக்காக குடுத்த கமிஷன லாபத்துல கழிக்க சட்டம் இடம் குடுக்குது, ஆனா அதுக்கு ஆதாரம் வேணும். அதனால கமிஷன பேங்க் மூலமா குடுங்க, பேரும் பான் நம்பரும் போட்ட ரசீது வாங்குங்க. வீடு கட்டின செலவுக்கும் பில் வேணும், சிமென்ட் கடை பில், கம்பி பில், கொத்தனார் மேஸ்திரிக்கு குடுத்த கணக்கு, அப்ப எடுத்த லோன் ஸ்டேட்மென்ட். பரணையில இருக்கிற பழைய பைல தூக்கிப் போடாதீங்க. அப்பா வழியில வந்த வீடுன்னா அவர் வாங்கின விலை தான் உங்க விலை, 2001 ஏப்ரல் 1க்கு முன்னாடி வாங்கினதா இருந்தா அந்தத் தேதி மதிப்ப எடுத்துக்கலாம்.

வித்த காசுல வேற வீடு வாங்கினா வரி குறையும், இல்லாமயே போகும். வித்ததுக்கு ஒரு வருஷம் முன்னாடியோ ரெண்டு வருஷத்துக்குள்ளயோ வாங்கணும், கட்டுறதா இருந்தா மூணு வருஷம். வீடு வேண்டாம்னா ஆறு மாசத்துக்குள்ள அரசு அறிவிச்ச குறிப்பிட்ட பாண்டுகள்ல 50 லட்சம் வரைக்கும் போடலாம், அஞ்சு வருஷம் எடுக்க முடியாது. ரிட்டர்ன் தாக்கல் பண்ற கடைசி தேதிக்குள்ள வீடு அமையலன்னா அந்தக் காச சாதாரண சேவிங்ஸ்ல விடாம பேங்க்ல மூலதன லாபக் கணக்குன்னு கேட்டு தனியா திறந்து போடுங்க. தர்மபுரில எல்லா கிளையிலயும் இது பண்ண மாட்டாங்க, பெரிய பொதுத்துறை பேங்க் மெயின் கிளையில முன்கூட்டியே கேட்டு வைங்க, ஜூலை கடைசி வாரத்துல போய் நின்னா மேனேஜர் லீவுல இருப்பாரு.